தண்ணீர் வரும் வழியே திரும்பி வாருங்கள்

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வேதாரண்யம் பக்கங்களிலிருந்து ஒகேனக்கல்லுக்கு வேன் விடும் சுற்றுலா அமைப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன ஆடியில் உங்களில் ஒருவர் ஏற்பாடு செய்த வேனில் நானும் ஒரு சீட்டு. யார் என்று எழுதப் போவதில்லை. அவர் ஒருவர் செய்த தப்பாகவும் அது இல்லை. உங்கள் எல்லாருடைய நோட்டீசும் ஒரே அச்சுதான்: ஒரு நாள் ஒகேனக்கல், அருவிக் குளியல், எண்ணெய் மசாஜ், பரிசல் சவாரி, மீன் வறுவல். சனிக்கிழமை ராத்திரி ஏற்றுகிறீர்கள். திங்கட்கிழமை விடிவதற்குள் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறீர்கள்.

அன்றைக்குப் போய் இறங்கியதும் தெரிந்தது, குளிக்கவும் தடை, பரிசலுக்கும் தடை. மேலே கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறந்திருந்த நேரம். ஆறு செம்மண் கரைத்த மாதிரி, பாறையெல்லாம் மூழ்க, கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. அருவி எது, ஆறு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. போலீசார் கயிறு கட்டி நின்றார்கள். வேனில் வந்த முப்பது பேரும் அமைப்பாளரைப் பிடித்துக்கொண்டார்கள். "முன்னாடியே விசாரிச்சிருக்க வேண்டாமா?", "காசைத் திருப்பிக் குடு". அவர் பாவம், எல்லாரையும் மீன்கடைப் பக்கம் ஓட்டிப் போய், மத்தியானம் இரண்டு மணிக்கே வண்டியைத் திருப்பிவிட்டார். நாமக்கல் தாண்டும்வரை ஒருவரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

மீன்கடைக்குப் போவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. எங்கள் தெரு அப்பாயி ஒருத்தி, எழுபதைத் தாண்டியவள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன்டா தம்பி, இந்தத் தண்ணி நம்மூருக்கு என்னைக்குடா வரும்?" என்றாள்.

அமைப்பாளர் இரண்டு நாள் என்றார். டிரைவர், "இது மேட்டூரோட நின்னுடும் ஆயா" என்றார். ஒரு பையன் செல்போனில் தேடினான், சிக்னல் இல்லை. நான் ஏதோ தலையாட்டி வைத்தேன். முப்பது பேரில் இருபது பேராவது விவசாயக் குடும்பம். கடைமடைக்காரர்கள், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்க்காரர்கள். தினமும் காலையில் பேப்பரைத் திறந்தால் ராசிபலனுக்கு முன்னால் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்கிறவர்கள். அந்தத் தண்ணீரின் எதிரிலேயே நின்றுகொண்டு அது எப்போது வரும் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதைவிடக் கூத்து, ஆறு நிறையப் போகிறதே என்று முப்பது பேரும் கோபப்பட்டுக்கொண்டிருந்தோம்.

யோசித்துப் பாருங்கள். ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை என்று செய்தி வந்தால் அன்றைக்கு நம் ஊர் டீக்கடையில் முகங்கள் தெளிகின்றன. ஒகேனக்கல்லில் அருவி அளவாக விழுகிறது, பரிசல் ஜோராக ஓடுகிறது, கூட்டம் அலைமோதுகிறது என்று படம் போட்டால் நாற்றங்கால் விட்டவன் வயிற்றில் புளி கரைகிறது. சென்னைக்காரனுக்கும் பெங்களூர்க்காரனுக்கும் அது வெறும் குளியல் இடம். அவன் தடையைப் பார்த்துச் சலித்துக்கொள்ளட்டும். நாம் எதற்குச் சலித்துக்கொள்ள வேண்டும்?

ஆகையால் என் கோரிக்கை: ஒகேனக்கல் டூரை ஒரு நாளிலிருந்து இரண்டு நாளாக்குங்கள். அருவியில் குளிக்க விட்டாலும் விடாவிட்டாலும் அதைச் சுற்றி இருப்பதைக் காட்டுங்கள். திரும்பும்போது சேலம் நெடுஞ்சாலையைப் பிடித்து ஓடி வராமல், தண்ணீர் வரும் வழியே வாருங்கள்.

முதலில் அருவியையே எடுத்துக்கொள்வோம். ஒகேனக்கல் என்பது கன்னடப் பெயர், புகைகிற கல் என்று பொருள். நீர் விழுந்து தெறித்துப் புகை மாதிரி எழுவதால் வந்தது. நம் பிள்ளைகளுக்குக் கல் என்றால் அம்மி, ஆட்டுக்கல், கோயில் தூண், அவ்வளவுதான். திருத்துறைப்பூண்டியில் எவ்வளவு தோண்டினாலும் வண்டல்தான் வரும். ஒகேனக்கல்லில் ஆற்றின் அடியில் இருப்பதில் கார்பனடைட் என்ற அபூர்வப் பாறையும் சேர்த்தி. வயது சுமார் 240 கோடி ஆண்டு என்று புவியியல் ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அந்தப் பாறைமேல் நின்றுதான் நம் ஜனம் ஷாம்பு பாக்கெட்டைப் பிய்த்துப் போடுகிறது. நாம் அங்கே விடுகிற எண்ணெயும் சோப்பும் கீழே யாருக்குப் போகும் என்பதை வேனில் ஏறும்போதே ஒருமுறை சொல்லிவிடுங்கள். கடைமடைக்காரனுக்கு விளக்கம் தேவைப்படாது.

பரிசல் ஓடும் நாளாக இருந்தால் அரசு நிர்ணயித்த கட்டணத்துக்குச் சீட்டு வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டியபின் ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி நடுவில் ஆறு ஒடுங்கிப் போகும் இடத்தில் பரிசல்காரர் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். அதற்கே கொடுத்த காசு சரியாகிவிடும். அக்கரை கர்நாடகம் என்பதையும் சொல்லுங்கள். தண்ணீரில் கோடு இல்லை, அந்தக் கரைக்காரர்களும் பரிசல் விடுகிறார்கள்.

குளிக்க விடாத நாளில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அருவிக்குப் பக்கத்திலேயே முதலைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது, வண்ணமீன் காட்சியகம் இருக்கிறது, தேசநாதீஸ்வரர் கோயில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு முதலை போதும், ஒரு மணி நேரம் அசையமாட்டார்கள். மீன் விஷயத்தில் நீங்கள் செய்வதைக் குறை சொல்லமாட்டேன். மீனை நாமே பார்த்து வாங்கி, அங்கேயே அடுப்பு வைத்திருக்கும் பெண்களிடம் கொடுத்தால் மசாலா அரைத்துக் குழம்பும் வறுவலுமாகச் செய்து தருகிறார்களே, அது வேறெங்கும் கிடைக்காத சாப்பாடு. வேனில் வந்த கடற்கரைக்காரர் ஒருவர், ஆற்றுமீனில் மண்வாடை அடிக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர், மூன்று துண்டு கூடுதலாக வாங்கினார்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி 46 கிலோமீட்டர். அந்த வழியில் வேனின் ஜன்னலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கேழ்வரகும் நிலக்கடலையும் புளியமரமும் மாந்தோப்புமாகப் புஞ்சைக் காடு. இவ்வளவு பெரிய ஆறு பக்கத்தில் ஓடுகிறதே, ஏன் நெல் இல்லை என்று யாராவது கேட்பார்கள். ஆறு பள்ளத்தில் பாறைக்குள் ஓடுகிறது, நிலம் மேட்டில் கிடக்கிறது. இத்தனைக்கும் அந்த மாவட்டத்தில் கிணற்றுத் தண்ணீரிலும் போர்த் தண்ணீரிலும் ஃபுளோரைடு அதிகம். குடித்துக் குடித்துப் பல் பழுப்பேறி, எலும்பு வளைந்த தலைமுறைகள் அங்கே உண்டு. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் குழாய்களில் காவிரி வந்தது. வெள்ளக் காலத்து உபரி நீரை எடுத்துத் தங்கள் ஏரிகளை நிரப்பித் தரச் சொல்லி அந்த மக்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு இது தெரியாது. கர்நாடகத்தைத் தவிர மேலே யாரும் இருப்பதாகவே நாம் நினைப்பதில்லை. அந்தச் சாலையில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொல்லிப் பாருங்கள். "உங்களுக்கென்னங்க, தண்ணிக்கார ஊரு" என்பார்கள். எனக்குச் சொன்னார்கள். முள்ளியாற்றில் சித்திரையில் மணல் பறப்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

போகும்போது சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி வருகிறீர்கள் அல்லவா, தருமபுரிக்குச் சற்று முன்னாலேயே நெடுஞ்சாலையை ஒட்டி அதியமான்கோட்டை. தகடூரை ஆண்ட அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நமக்கு வேண்டிய இன்னொரு சங்கதி அதிகம் பேருக்குத் தெரியாது. வேற்றிடத்திலிருந்து கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றில் ஔவை பாடியிருக்கிறாள். பொங்கலுக்குக் கட்டுக்கட்டாகக் கரும்பு விற்கிற நாம் அந்த ஊரில் ஐந்து நிமிஷம் நிற்காமல் டயரைத் தேய்த்துக்கொண்டு போகிறோம். அங்கே காலபைரவர் கோயில் இருக்கிறது, தேய்பிறை அஷ்டமியில் கூட்டம் தாங்காது, சாம்பல் பூசணியில் விளக்கேற்றுவார்கள். அன்றைக்கு மட்டும் வண்டியை விடாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்களும் உண்டு. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வைத்திருக்கிறார்கள், ஆநிரை மீட்கப் போய் மாண்டவர்களுக்கு எடுத்த கற்களும் அவற்றில் உண்டு.

ஆநிரை என்றதும் ஞாபகம் வருகிறது. நமக்கு உம்பளச்சேரி மாடு எப்படியோ அப்படி அந்தப் பக்கத்துக்கு ஆலம்பாடி மாடு. காவிரியோரத்து ஆலம்பாடி என்ற ஊரின் பெயர்தான் இனத்துக்கும். கருஞ்சாம்பல் நிறம், காட்டில் மேய்ந்தே வளர்வது, பாறைக்காட்டு உழவுக்கு ஏற்றது. சேற்றில் முழங்கால் புதைய உழும் நம் மாட்டை அங்கே கட்டினால் தாங்காது, அதை இங்கே கட்டினாலும் தாங்காது. காரிமங்கலத்தில் அந்த இனத்துக்கென்று ஆராய்ச்சி மையமே இருக்கிறது. வேனில் மாடு வைத்திருப்பவர்கள் நாலு பேர் இருந்தால் கேட்டுவிட்டு அங்கே விடுங்கள். மற்றவர்கள் தூங்கட்டும்.

பென்னாகரம் வட்டத்தில்தான் பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23இல் கண்மூடிய ஊர். வ.உ.சி.யோடு சிறை போனவர். சிறையிலேயே தொழுநோய் பிடித்தது. அதையே காரணமாக வைத்து ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. மனிதர் நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அங்கே பாரத மாதாவுக்கு ஒரு ஆலயம் எழுப்ப ஆசைப்பட்டு, 1923இல் சித்தரஞ்சன் தாஸை அழைத்துவந்து அடிக்கல் நாட்ட வைத்தார். கட்டி முடிப்பதற்குள் போய்விட்டார். இப்போது அங்கே நினைவு மண்டபமும் நினைவாலயமும் இருக்கின்றன. அரை மணி நேரம் போதும். ஆடியோ சிஸ்டம் வைத்த வேனில் போய்ப் பரிசலுக்கு வழியில்லை என்று அழுத நாங்கள் அந்தப் பக்கமாகத்தான் திரும்பினோம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

தீர்த்தமலையை நோட்டீசில் போட வேண்டாம். நல்ல இடம், மலை ஏறினால் பாறையிலிருந்து தீர்த்தம் கொட்டும். ஆனால் அரூர்ப் பக்கம் போய்த் திரும்ப ஒரு நாள் பிடிக்கும். நம் கணக்குக்கு ஒத்துவராது.

இனி மேட்டூர். என் மடலின் பாதி இதற்குத்தான்.

ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் வந்து, பெரும்பாலை, மேச்சேரி வழியாக மேட்டூர் போய்விடலாம். பெரும்பாலையில் 2022இல் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. மேச்சேரியில் பத்ரகாளியம்மன். அதற்கப்புறம் அணை. சீதாமலைக்கும் பாலமலைக்கும் நடுவில் ஆற்றை மறித்து, 1925இல் தொடங்கி 1934இல் முடித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21இல் முதன்முதலாகத் தண்ணீர் திறந்தார்கள். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). இந்த இரண்டு எண்ணும் நம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம், ஆனால் அணையைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் அப்பா ஐம்பது வருஷம் அந்த எண்ணைப் பார்த்தே விதை விட்டவர், கடைசிவரை மேட்டூரைப் பார்க்கவில்லை. அணை 120ஐத் தொட்டு, பதினாறு கண் மதகு வழியாக உபரி நீர் பாயும் நாளில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அப்புறம் அருவியில் குளிக்கவில்லை என்று ஒருவர் வாய் திறந்தால் வேன் வாடகையை நான் தருகிறேன்.

தண்ணீர் இல்லாத காலத்தில் போனால் அதற்கும் ஒரு காட்சி உண்டு. அணை கட்டியபோது மூழ்கிய ஊர்கள் நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கின்றன. நீர்மட்டம் எழுபது அடிவாக்கில் இறங்கும்போது பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். படம் எடுக்க ஆட்கள் வருவார்கள். பேப்பரில் "நந்தி தெரிந்தது" என்று பார்த்தால் நமக்குக் குறுவை நெல் சாகுபடி போச்சு என்று அர்த்தம். நந்தியின் முதுகு தெரியத் தெரிய நம் ஊரில் கடன் ஏறும். நாம் ஒரு நாள் அதன் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வயலுக்குத் தண்ணீர் தேக்கத் தங்கள் ஊரைவிட்டு மேட்டுக்கு ஏறியவர்கள் கும்பிட்ட நந்தி அது.

இப்போது அப்பாயி கேட்ட கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்து, பேப்பர் கத்தரிப்புகளையும் மதகு திறந்து அடைக்கும் எங்கள் ஊர் லஸ்கர் ஒருவரையும் வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டது. வேனில் மைக் இருக்கிறதே, அதில் சொல்லுங்கள்.

ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் ஆற்றை அளக்கிறது. காடு, சுற்றுலா இடம் இல்லை, போக வேண்டாம். ஆனால் கர்நாடகம் ஆண்டுக்கு நமக்கு விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் சொன்ன 177.25 டிஎம்சி, அதில் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24 என்பதெல்லாம் அந்த இடத்தில் அளந்து எண்ணுவதுதான். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டிஎம்சி. ஐம்பதாயிரம் கன அடி போகிறதென்றால் நாளுக்கு நாலே கால் டிஎம்சிக்கு மேல் மேட்டூரில் ஏறுகிறது. அங்கேதான் அது நிற்கும், டிரைவர் சொன்னதும் பாதி சரி. அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்க வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் தள்ளிப்போகும், 2024இல் ஜூலை 28 ஆயிற்று. திறந்தால் மூன்று நாளில் கல்லணை. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரியும். நமக்கு வெண்ணாறு. அது நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மறுபடி பிரியும். கோரையாற்றிலிருந்து நம் முள்ளியாறு. அதற்குமேல் வாய்க்கால், மடை, முறை வைத்துத் திறக்கும் நாள், எங்கள் தலைமாட்டில் அடைத்து வைத்திருப்பவரின் மனசு. பத்து நாள் ஆகலாம், பதினைந்தும் ஆகலாம்.

திரும்பும்போது இந்த வழியையே பிடியுங்கள். மேட்டூரிலிருந்து அம்மாபேட்டை, பவானி கூடுதுறை, கொடுமுடி, மாயனூர் கதவணை, குளித்தலை. ஆறு அங்கங்கே கண்ணில் பட்டுக்கொண்டே வரும். முக்கொம்பில் நிறுத்தி மேலணையைக் காட்டுங்கள். 1836இல் கட்டியது, 2018 ஆகஸ்டில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனதை டிவியில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். கல்லணை நமக்குப் பழக்கம், அரை மணி போதும். கடைசியில் நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் இறக்கி, ஷட்டர் பக்கம் ஐந்து நிமிஷம். அதற்குள் ராத்திரி பத்தாகிவிடும், இருட்டில் சத்தம்தான் கேட்கும். பரவாயில்லை.

செலவு கூடும், தெரியும். ஒரு ராத்திரி தங்க வேண்டும், டிரைவர் பேட்டா இரண்டாகும். தலைக்கு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டு நோட்டீஸ் அடியுங்கள். எங்கள் தெருவிலிருந்து ஆறு பேர் வருகிறோம், முன்பணம் தயார். ஆவணிக்குள் வைத்துவிடுங்கள். புரட்டாசி என்றால் பாதிப் பேர் மீன் தொடமாட்டார்கள், அங்கே போய்த் தயிர்சாதப் பொட்டலம் பிரிக்க முடியாது. அப்பாயிக்கு முன்சீட், ஜன்னலோரம். வேனில் படி ஏற ஒரு முக்காலி எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
முள்ளியாற்றுக் கடைமடையிலிருந்து,
போன ஆடியில் பதினேழாம் நம்பர் சீட்டில் வந்தவன்